பூசான், 1988: இரண்டாவதாக ஓடிய படகு ஏன் திரும்பியது?

வருடத்துக்கு ஒருமுறையாவது வாட்ஸ்அப்பில் இந்தக் கதை சுற்றி வந்துவிடும். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் பந்தயம்; வெள்ளிப் பதக்கம் கைக்கெட்டும் தூரத்தில்; கடலில் இரண்டு பேர் தத்தளிக்கிறார்கள்; கனடா வீரர் ஒருவர் பதக்கத்தை உதறிவிட்டுப் படகைத் திருப்புகிறார். கடைசியில் இரண்டு கூப்பிய கைகள், ஒரு கண்ணீர்த் துளி.

கதையில் பாதிக்கு மேல் உண்மைதான். அந்த வெள்ளிப் பதக்கம் மட்டும் யாரோ ஒட்டவைத்தது. அதை ஒட்டவைத்ததால் நிஜமாகவே கவனிக்க வேண்டிய விஷயங்கள் மறைந்துவிட்டன. உள்ளூர்ச் சிறுபடகுப் பந்தயங்களில் மீட்புப் படகில் உட்காரும் வேலை எனக்குச் சில வருடங்களாக உண்டு. பந்தயம் ஓட்டும் பிள்ளைகள் என்னிடம் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அரைகுறையாகச் சொல்லி முடித்திருக்கிறேன். இந்த முறை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இடமும் பருவமும்

1988 ஒலிம்பிக் சோலில் நடந்தது என்றாலும் பாய்மரப் படகுகள் ஓடியது தென்கிழக்கு மூலையில் இருக்கும் பூசான் துறைமுக நகரில். 1986 ஆசிய விளையாட்டுக்கும் இந்த ஒலிம்பிக்குக்குமாகச் சூயோங் விரிகுடாவில் படகுத்துறை கட்டியிருந்தார்கள். நாள் செப்டம்பர் 24, சனிக்கிழமை.

கொரியாவில் அது இலையுதிர் காலத்தின் தொடக்கம். கோடையெல்லாம் தெற்கிலிருந்து அடித்த காற்று பின்வாங்கும், வடக்குக் காற்று இன்னும் காலூன்றியிருக்காது. சூறாவளிப் பருவமும் முடிந்திருக்காது. நம் கரையில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஓய்ந்து வடக்கின் வாடைக் காற்று பிடிப்பதற்கு நடுவில் வரும் அந்தச் சில வாரங்களைக் கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் தெரியும்: காலையில் ஒரு காற்று, பத்து மணிக்கு ஒரு காற்று, நடுவில் ஒன்றுமே இல்லாமல் பாய் தொங்கும். பூசானில் அதே குழப்பம், ஆனால் பலம் பல மடங்கு.

பலத்துக்கு இன்னொரு காரணம் கடலின் அமைப்பு. பூசானுக்கும் ஜப்பானின் சுஷிமா தீவுக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர்தான். அந்த இடுக்கு வழியாக ஒரு வெப்ப நீரோட்டம் வடகிழக்கு நோக்கி விடாமல் ஓடுகிறது. அதோடு ஓதத்தின் (கடல் பொங்கி வற்றுவதன்) ஏற்ற இறக்கமும் சேரும். நீர் ஒரு பக்கம் ஓட, காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்தால் அலைகளுக்கு இடைவெளி குறைந்து முதுகு செங்குத்தாக நிமிர்ந்துவிடும். பத்தடி உயரமான நீள அலையில் சிறுபடகு ஏறி இறங்கிவிடும். ஆறடிதான் என்றாலும் சுவர் மாதிரி எழும் அலையில் படகின் முன்முனையான அணியம் குத்திக்கொள்ளும்.

காற்று மாறினால் என்ன ஆகும்

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பின்னால் நடுவர்கள் கொடுத்த தீர்ப்பைப் புரிந்துகொள்ள இது இல்லாமல் முடியாது.

பாய்மரப் படகு காற்றை நேருக்கு நேர் எதிர்த்துப் போகாது. ஏறத்தாழ 45 பாகை சாய்வாக இடப்பக்கம் கொஞ்சம், பிறகு டேக் அடித்து, அதாவது முன்முனையைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி, வலப்பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் காற்று வரும் திசையில் போட்ட மிதவையை எட்டும். அன்றைய ஒலிம்பிக் தடம் முக்கோண வடிவம். முதலில் காற்றை எதிர்த்து ஏறி, இரண்டு பக்கவாட்டுச் சுற்றில் இறங்கி, மறுபடி எதிர்த்து, பின்காற்றில் இறங்கி, கடைசியாக இன்னொரு முறை எதிர்த்து ஏறி முடிக்க வேண்டும். ஆக மூன்று முறை காற்றோடு மல்லுக்கட்டு.

இரண்டு படகுகள் காற்றுக்குக் குறுக்காக 100 மீட்டர் இடைவெளியில், சமமாக ஏறிக்கொண்டிருக்கின்றன என்று வையுங்கள். காற்று 10 பாகை வலப்பக்கம் திரும்புகிறது. உடனே வலப்பக்கப் படகு காற்று வரும் திசையில் சுமார் 17 மீட்டர் முன்னால் வந்துவிடும். 45 பாகை சாய்வில் ஓட வேண்டிய தூரமாகப் பார்த்தால் 24, 25 மீட்டர். யாரும் வேகமாக ஓட்டவில்லை. காற்று திரும்பியது, அவ்வளவுதான். இடைவெளி 300 மீட்டர் என்றால் கணக்கும் மூன்று மடங்கு. பத்து பாகை என்பது நிலையில்லாத பருவத்தில் ஒரு சுற்றுக்குள் இரண்டு மூன்று முறை சாதாரணமாக வந்துபோகிற அளவு.

அதனால் நடுவழியில் "இரண்டாம் இடம்" என்று சொன்னால் அது அந்த நிமிஷத்தின் இடம். அடுத்த நிமிஷத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக ஓடுகிறவரோடு இதை ஒப்பிட்டுவிடக் கூடாது.

இரண்டு வகைப் படகுகள்

அன்று ஒரே கடற்பரப்பில் பக்கம் பக்கமாக வெவ்வேறு வகுப்புப் படகுகள் ஓடின. நமக்கு வேண்டியவை இரண்டு.

ஒன்று ஃபின். சுவீடனின் ரிக்கார்ட் சார்பி 1949-ல் வடிவமைத்தது, 1952 ஹெல்சிங்கியில் தொடங்கி 2020 டோக்கியோ வரை ஒலிம்பிக்கில் இருந்தது. நாலரை மீட்டர் நீளம், ஒரே ஆள், ஒரே பாய், பத்துச் சதுர மீட்டர் அளவு. பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தப் பக்கக் கம்பிகள் கிடையாது. குழியில் நட்ட கம்பம் மாதிரி தானாக நிற்கும், சுழலவும் செய்யும். இந்தக் கம்பியில்லாத சமாசாரத்தை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன். ஓட்டுகிறவர் கால்களைப் பட்டையில் மாட்டிக்கொண்டு உடம்பை வெளியே தொங்கவிட்டுத்தான் படகைச் சமன் செய்ய வேண்டும். தொண்ணூறு, நூறு கிலோ ஆட்களுக்கான படகு. தொடைக்கு அது கொடுக்கும் வலியை அனுபவித்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று 470. பெயரே நீளம்தான், 4.70 மீட்டர். இரண்டு பேர். ஒருவர் சுக்கான் பிடிப்பார், மற்றவர் இடுப்பில் கொக்கி மாட்டிப் பாய்மரத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் கம்பியில் தொங்கிக்கொண்டு படகுக்கு வெளியே நிற்பார். படகின் எடை சுமார் 120 கிலோ. லேசான, சுறுசுறுப்பான, கோபக்காரப் படகு. பெண்களுக்கெனத் தனி 470 பந்தயம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்ததும் அந்தப் பூசானில்தான்.

கனடாவின் லாரன்ஸ் லெமியூ ஃபின் ஓட்டினார். வயது 32. எட்மன்டன்காரர், கடலை எட்டிக்கூடப் பார்க்க முடியாத சமவெளி நகரம் அது. அந்த ஊர் இருக்கும் ஆல்பெர்ட்டா மாகாணத்து ஏரிகளில் பாய் பிடித்துப் பழகியவர். ஏரிக் காற்றும் நிலையில்லாதது என்பதால் காற்றின் போக்கைப் படிக்கும் கண் அங்கேயே வாய்த்திருக்கும் என்பது என் ஊகம். சிங்கப்பூரின் 470-ல் ஜோசப் சானும் சியூ ஷா ஹெரும்.

நடந்தது

ஃபின் வகுப்புக்கு மொத்தம் ஏழு பந்தயங்கள், அன்று ஐந்தாவது. ஆரம்பிக்கும்போது காற்று சுமார் 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர். சிறுபடகுக்கு அது நல்ல காற்று, பயப்பட ஒன்றுமில்லை. பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது ஏறி 35 நாட் வரை போனது. 65 கிலோமீட்டர் வேகம்.

பதினைந்து முப்பத்தைந்தானால் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தானே என்று தோன்றும். பாயின் மேல் விழும் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும். அப்படிப் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் அதிகம். கரையில் கிளம்பும்போது கட்டிய பாய், இறுக்கிய கயிறு எல்லாம் பதினைந்துக்கான ஏற்பாடு. நடுக்கடலில் அதை மாற்ற வழியில்லை. பெரிய படகில் பாயைச் சுருட்டிச் சின்னதாக்கலாம். ஒலிம்பிக் சிறுபடகில் அந்த வசதி கிடையாது. பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைத் தளர்த்திக் காற்றை வெளியே கொட்டிக்கொண்டே போக வேண்டும், அல்லது கவிழ வேண்டும். அன்று கவிழ்ந்த படகு சிங்கப்பூர்ப் படகு ஒன்று மட்டுமல்ல.

லெமியூ அப்போது தன் பந்தயத்தில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்துத் தடத்தில் ஒரு 470 தலைகீழாகக் கிடப்பது கண்ணில் பட்டது. ஒருவர் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருந்தார். இன்னொருவர் படகைவிட்டு நீரோடு விலகிப் போய்க்கொண்டிருந்தார்.

இந்த விலகல்தான் முழுச் சம்பவத்துக்கும் முடிச்சு. கவிழ்ந்த படகு நீர்மேல் துருத்திக்கொண்டு நிற்கும், அதைக் காற்று தள்ளும். உயிர்காப்புச் சட்டை போட்ட மனிதன் கழுத்துவரை நீருக்குள், அவனை இழுப்பது நீரோட்டம். இரண்டும் வேறு வேறு திசை, வேறு வேறு வேகம். ஒரு கை தூரம் பிரிந்தால் ஒரு நிமிஷத்தில் அது நீந்திக் கடக்க முடியாத தூரமாகிவிடும். "படகை விடாதே" என்பதுதான் எங்களிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் முதல் பாடம். ஆனால் 35 நாட் காற்றில், கவிழ்ந்த வேகத்தில் கயிறு கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போனால், பாடம் தெரிந்தவரும் விலகித்தான் போவார். திறமைசாலிகளுக்கு நேர்வது இது, கவனக்குறைவு என்று சொல்ல முடியாது.

அலைக்கு நடுவில் ஒரு தலையைத் தேடுவது என்ன கஷ்டம் என்பதைச் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசிக் காற்றில், பூசானில் அடித்ததில் பாதிகூட இல்லை, எங்கள் மீட்புப் படகிலிருந்து முப்பது மீட்டர் தூரத்தில் ஒரு பையன் விழுந்தான். ஆரஞ்சு நிறச் சட்டை. விழுந்ததை நான் பார்த்தேன். எஞ்சினை உதைத்துத் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். அலையின் மேட்டில் நாங்கள் ஏறும்போது அவன் பள்ளத்தில். அவன் மேட்டில் வரும்போது நாங்கள் பள்ளத்தில். இரண்டும் ஒரே நேரம் மேலே வந்த ஒரு வினாடியில்தான் தெரிந்தான், நான் தேடிய திசைக்கு முழுக்கப் பக்கவாட்டில். அன்றிலிருந்து ஆள் விழுந்தால் ஒருவர் வேறு எதுவும் செய்யாமல் கையை நீட்டிச் சுட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் படகில் சட்டம்.

ஃபின் படகில் லெமியூ தனியாள். ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் தாமான், சுட்டிக்காட்ட மூன்றாவது கை இல்லை. கண்ணை எடுத்தால் போச்சு.

அவர் முன்னால் இருந்த கேள்வி

மிதவையை நோக்கிப் போகலாம், திரும்பலாம். எல்லோரும் சொல்வது இந்த இரண்டையும்தான். நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. பெரும்பாலானவர்கள் அதைத்தான் எடுத்திருப்பார்கள், அதற்காக யாரும் அவர்களைக் குறை சொல்லியும் இருக்க மாட்டார்கள்: மீட்புப் படகுகள் இருக்கின்றன, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஒலிம்பிக் பந்தயத்தில் காவல் படகுகள் இல்லாமலா? இருந்தன. ஆனால் பல படகுகள் ஒரே நேரம் கவிழும்போது மீட்புப் படகின் கணக்கு சட்டென்று தலைகீழாகும். ஒன்றைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கும்போது அடுத்தது எங்கே கவிழ்ந்தது என்று தெரியாது. ஆறடி அலையில் அரைக் கிலோமீட்டர் தூரத்தில் கவிழ்ந்த படகின் வெள்ளை அடிப்பாகம், நுரைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. எந்தக் காவல் படகும் இந்த இருவரை உடனே எட்டாது என்று லெமியூ முடிவுக்கு வந்தார். முடிவு சரி. அதை எவ்வளவு நேரத்தில் எடுத்தார் என்பது முக்கியம்: அந்த வேகத்தில் ஃபின் ஒரு நிமிஷத்தில் சில நூறு மீட்டர் தாண்டிவிடும். யோசிக்க நின்றாலே அது "போகிறேன்" என்ற முடிவாகிவிடும்.

பாய்மரப் பந்தய விதிப்புத்தகத்தில் இன்றும் முதல் விதி, ஆபத்தில் இருக்கும் எந்த ஆளுக்கும் எந்தப் படகுக்கும் முடிந்த உதவி அனைத்தையும் செய்தாக வேண்டும் என்பதுதான். யாருக்கு வழிவிடுவது, மிதவையை எப்படிச் சுற்றுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். லெமியூ செய்தது விதிக்கு மேற்பட்ட தியாகம் என்று சொன்னால் கடலோடிகள் நெளிவார்கள். அவரும் பின்னாளில் அதைப் பெரிதாகப் பேசியவர் அல்லர்.

ஆனால் விதி இருக்கிறது என்பதாலேயே எல்லோரும் திரும்பிவிடுவதில்லை. "ஆபத்து" என்று யார் தீர்மானிப்பது? கவிழ்ந்த படகு பந்தயத்தில் தினசரிக் காட்சி. கவிழ்ந்தவர்கள் ஐந்து நிமிஷத்தில் நிமிர்த்திக்கொண்டு மறுபடி ஓடுவார்கள். ஒவ்வொரு கவிழ்ந்த படகுக்கும் நிற்க ஆரம்பித்தால் பந்தயமே நடக்காது. இது அந்த ரகம் இல்லை என்று தூரத்திலிருந்து பிரித்துப் பார்த்த கண்தான் அன்று வேலை செய்தது. ஆள் படகைவிட்டுப் பிரிந்திருக்கிறான் என்ற ஒரே தகவல் அதற்குப் போதுமானதாக இருந்தது.

எப்படித் தூக்கினார்

முதலில் தனியாக மிதந்துகொண்டிருந்த சானிடம் போனார். வரிசை சரி. படகைப் பற்றியிருப்பவர் கண்ணுக்குத் தெரிவார், இன்னும் கொஞ்சம் தாங்குவார். விலகிப் போகிறவர் அடுத்த சுற்றில் தெரியாமலே போகலாம்.

பாய்மரப் படகுக்கு பிரேக் கிடையாது. நீரில் இருக்கிற ஆளிடம் வேகமாகப் போனால் அவரை இடித்துவிடும். மெதுவாகப் போனால் சுக்கான் பிடிக்காது, காற்று தன் இஷ்டத்துக்குத் தள்ளும். காற்றை எதிர்த்து வந்து, கடைசி நொடியில் தாமானை முழுக்க விட்டு, பாய் கொடி மாதிரி படபடக்க, படகு தானாக நிற்கும் இடத்தில் ஆள் கைக்கு எட்ட வேண்டும். நான் முன்னால் சொன்ன கம்பியில்லாத பாய்மரம் இங்கே கை கொடுத்திருக்கும். பக்கக் கம்பி இருக்கும் படகில் பாயின் அடி விளிம்பைத் தாங்கும் கட்டை கம்பியில் இடித்து நின்றுவிடும், பின்காற்றில் பாயைக் காலிசெய்யவே முடியாது. ஃபின்னில் அது தடையில்லாமல் முன்பக்கம்வரை சுழன்று போகும். எந்தத் திசையிலும் பாயை வெறுமையாக்கலாம். அந்தச் சனிக்கிழமை அங்கே இருந்த சிறுபடகுகளில் இந்த வேலைக்குத் தோதானது ஃபின்தான் என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொரு பக்கம், இந்த வேலைக்கு ஃபின் படுமோசமானதும்கூட. ஒரு ஆளுக்கான படகு. நனைந்த உடையோடு இன்னொரு ஆளைப் பக்கவாட்டில் தூக்கினால் அந்தப் பக்கம் சாய்ந்து அலை உள்ளே இறங்கும். உள்ளே வந்த நீரை வெளியேற்ற அடியில் ஒரு சின்ன பெய்லர் உண்டு. படகு வேகமாக ஓடும்போது மட்டும்தான் அது உறிஞ்சும். நின்ற படகில் அது சும்மா. ஆக, ஆளைத் தூக்க நிற்க வேண்டும், நீரை வெளியேற்ற ஓட வேண்டும். இரண்டும் ஒரே நேரம் முடியாது.

சானை உள்ளே இழுத்துப் போட்டபின், கவிழ்ந்த படகோடு இருந்த சியூவிடம் போனார். பிறகு மூன்று பேர் ஒரு ஃபின்னில், நீர் தளும்பத் தளும்ப, கொரியக் கடற்படையின் காவல் படகு வரும்வரை காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்புதான் பந்தயக் கணக்கில் பெரிய இழப்பு. தூக்கப் போன தூரத்தைவிட நின்ற நேரம் அதிகம்.

காவல் படகு இருவரையும் ஏற்றிக்கொண்டது. லெமியூவும் அதோடு கரைக்குப் போயிருக்கலாம். அவர் தாமானை இழுத்துக் கட்டிக்கொண்டு பந்தயத்தைத் தொடர்ந்தார். இருபதுக்கும் பிந்திய இடத்தில் கோட்டைக் கடந்தார்.

புள்ளிக் கணக்கு

அன்றைய ஒலிம்பிக் முறையில் குறைந்த புள்ளிதான் நல்லது. முதலிடத்துக்கு 0, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 5.7, நாலாவதுக்கு 8, ஐந்தாவதுக்கு 10, ஆறாவதுக்கு 11.7. ஏழிலிருந்து இடத்தோடு ஆறு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏழு பந்தயங்களில் மோசமான ஒன்றைத் தள்ளிவிடலாம்.

அப்படியென்றால் 3 புள்ளியோடு முடிய வேண்டிய பந்தயம் குறைந்தது 27 புள்ளியோடு முடிந்தது. மோசமானதைத் தள்ளலாம் என்பதால் முழு நஷ்டமில்லை என்று தோன்றும். ஆனால் அந்தச் சலுகையை இதில் செலவழித்தால் வேறொரு சொதப்பலுக்கு அது கிடைக்காது.

விதிப்படி இதற்கு நிவாரணம் உண்டு. தன் தவறில்லாமல், உதவப் போனதால் ஒரு படகின் இடம் கணிசமாகக் கெட்டுப்போனால் நடுவர்கள் ஈடு செய்யலாம். எப்படி ஈடு செய்வது என்பதற்கு இன்றைய விதிப்புத்தகத்தின் பின்னிணைப்பு மூன்று வழி சொல்கிறது: மற்ற எல்லாப் பந்தயங்களின் சராசரிப் புள்ளி, அதற்கு முந்தைய பந்தயங்களின் சராசரி, அல்லது சம்பவம் நடந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தாரோ அந்த இடத்தின் புள்ளி. பூசானில் நடுவர்கள் லெமியூவுக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தார்கள்.

காற்று மாறினால் இடம் மாறும் என்று மேலே நீட்டி முழக்கியது இதற்காகத்தான். அவர் தொடர்ந்து ஓடியிருந்தால் இரண்டாவதாக முடித்திருப்பாரா? தெரியாது. 35 நாட் காற்றில் அவரே கவிழ்ந்திருக்கலாம். முன்னால் போனவர் கவிழ்ந்து இவர் முதலில் வந்திருக்கலாம். நடுவர்கள் ஊகத்துக்குப் போகவில்லை, கண்ட இடத்தைக் கொடுத்தார்கள். சராசரி வழியில் போயிருந்தால் 3 புள்ளி கிடைத்திருக்காது என்பது மட்டும் நிச்சயம், ஏனென்றால் மொத்தப் பட்டியலில் அவர் முடித்தது 11-ம் இடத்தில்.

ஆமாம், 11. அந்த இரண்டாம் இடத்தைச் சேர்த்த பிறகும் 11. தங்கம் ஸ்பெயினின் ஹோசே லூயிஸ் டொரெஸ்டேவுக்கு, வெள்ளி அமெரிக்கக் கன்னித் தீவுகளின் பீட்டர் ஹோம்பெர்க்குக்கு, வெண்கலம் நியூசிலாந்தின் ஜான் கட்லருக்கு. வாட்ஸ்அப் வெள்ளி இங்கேதான் உடைகிறது. புள்ளியில் லெமியூ இழந்திருக்கக்கூடியது அதிகபட்சம் 3, அதுவும் அந்தப் பந்தயத்தை வென்றிருந்தால். வெண்கலத்துக்கே எட்டு இடம் ஏற வேண்டும், மூன்று புள்ளி எங்கே போதும்? அடுத்த இரண்டு பந்தயங்களுக்கு உடம்பில் மிச்சமிருந்த வலு வேறு கணக்கு. அதை எந்த நடுவரும் திருப்பிக் கொடுக்க முடியாது, பட்டியலிலும் வராது.

ஆனால் சுக்கானைத் திருப்பிய நொடியில் இது எதுவும் அவருக்குத் தெரியாது. ஈடு கிடைக்கும் என்று நம்பலாம், எவ்வளவு என்று தெரியாது. அந்தப் பந்தயம் போனது போனதுதான் என்று வைத்துக்கொண்டுதான் திருப்பியிருக்க வேண்டும்.

அன்றைய தலைப்புச் செய்தி

பதக்க விழாவில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் சமராஞ்ச் அவரைத் தனியாக அழைத்து, விளையாட்டுப் பண்புக்கான பியர் தெ குபெர்த்தின் பதக்கம் கொடுத்துப் பாராட்டினார். இருந்தும் சொந்த நாட்டிலேயே விஷயம் மெதுவாகத்தான் பரவியது. காரணம் தேதி. அதே செப்டம்பர் 24 அன்றுதான் சோலில் கனடாவின் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடினார். கனடா முழுக்க அந்த ஓட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் கழித்து ஊக்கமருந்து விவகாரத்தில் அந்தத் தங்கம் பறிக்கப்பட்டபோது பத்திரிகைகளில் வேறு எதற்கும் இடமில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டுரை எழுதுவது பின்னால் ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் பெரிய ருசியில்லை. இரண்டும் ஒரே நாளில் நடந்தன, அவ்வளவே.

ஈடு செய்யும் விதியை இன்னும் தெளிவாகக் காட்டும் சம்பவம் வேறொன்று உண்டு. சிறுபடகு அல்ல, தனியாளாக உலகைச் சுற்றும் வாந்தே குளோப். 2020 நவம்பர் இறுதியில் நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே கெவின் எஸ்கோஃபியேயின் படகு பிளந்து மூழ்க, அவர் காற்றடைத்த உயிர்காப்புப் படகில் ஏறிக்கொண்டார். நான்கு படகுகள் தேடப் போயின. ழான் லெ காம் கண்டுபிடித்து ஏற்றினார். நடுவர்கள் அவருக்கு 16 மணி 15 நிமிடமும், உடன் தேடிய யானிக் பெஸ்தாவெனுக்கு 10 மணி 15 நிமிடமும், போரிஸ் ஹெர்மனுக்கு 6 மணி நேரமும் ஈடு கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் முதலில் கோட்டைத் தொட்டவர் சார்லி டாலின். பெஸ்தாவென் மூன்றாவதாகத்தான் வந்தார். ஈட்டு நேரத்தைக் கழித்தபோது வெற்றி பெஸ்தாவெனுடையது, சுமார் இரண்டரை மணி நேர வித்தியாசத்தில். முதலில் வந்தவர் இரண்டாமவரானார்.

அங்கே ஈடு ஒரு பந்தயத்தின் முடிவையே மாற்றியது. பூசானில் அது பதக்கப் பட்டியலில் ஒரு பெயரைக்கூட நகர்த்தவில்லை. லெமியூ ஆறாவது பந்தயத்துக்கும் ஏழாவதுக்கும் மறுபடி அதே ஃபின்னில், அதே கடலுக்குப் போனார். ஐந்தாவது பந்தயத்துக்கு நேரே அவர் பெயரில் நிற்பது 2. இன்றைய முறையில் என்றால் அந்த எண்ணை ஒட்டி ஆர்டிஜி என்ற மூன்று எழுத்து இருக்கும்: ஈடாகக் கொடுக்கப்பட்டது என்பதன் சுருக்கம்.